ஒன்பதாவது உடல்

இசோஜியின் பொம்மலாட்டக் குழுவில் கால் பிடிப்பவராகச் சேர்ந்தபோது குஹேய்க்கு வயது ஐம்பத்தொன்று. ஆசான் இசோஜிக்கு முப்பத்தெட்டு.

ஜப்பானியப் பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் தலையையும் வலக்கையையும் பிடிப்பார். இன்னொருவர் இடக்கையை. மூன்றாமவர் நாள் முழுக்கக் குனிந்தபடி இரண்டு கால்களையும் நடத்துவார். கால் பிடிக்கப் பத்து வருடம், இடக்கைக்குப் பத்து வருடம், அதற்குப் பிறகுதான் தலை என்பது வழக்கம்.

"எழுபத்தொரு வயதில் தலையைப் பிடிப்பீர்கள்," என்றான் இடக்கைக்காரன் ராக்குஸோ. "அப்போது உங்கள் தலையை யார் பிடிப்பது?"

"எனக்குக் கால் போதும்," என்றார் குஹேய்.

இசோஜி அவருடைய ஊரைக் கேட்கவில்லை. வாள் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை மட்டும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு கருப்பு அங்கியையும், முகத்தை மறைக்கும் கருப்புத் துணியையும் எடுத்துக் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கொண்டால் நீங்கள் இல்லை. ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட உங்களைப் பார்க்கமாட்டார்கள். அது அவர்களுக்கும் நமக்கும் உள்ள உடன்பாடு."

குஹேய் தேடிக்கொண்டு வந்ததும் அதைத்தான்.

இரண்டு வருடம் அப்படியே போனது. கிழவர், பிச்சைக்காரன், பேய், படகோட்டி என்று எத்தனையோ பொம்மைகளின் கால்களை அவர் நடத்தினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. இரவில் தூக்கம்கூட வந்தது.

மூன்றாம் வருடக் கோடையில் கதைப்பாடகர் ஒரு புதிய நாடகத்துடன் வந்தார். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாப் பொம்மைகளுக்கும் குரல் கொடுப்பவர் அவர். அச்சு மை இன்னும் மணத்த ஏட்டை விரித்து முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

மினாசே நகரத்து இஷிகுரா பிரபுவின் மேல் பொய்ப்பழி விழுந்தது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி தலைநகரத்திலிருந்து ஆணை வந்தது. பிரபு அப்படியே செய்தார். அவர் மாளிகையைக் கைப்பற்றப் படை வந்தபோது, ஒன்பது சாமுராய்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, மாளிகையோடு எரிந்து செத்தார்கள். மறுவருடமே பழி பொய் என்று தெரிந்தது. ஒன்பது பேருக்கும் கல் நட்டார்கள்.

"ஒன்பதாவது ஆள்தான் நாடகத்தின் உயிர்," என்றார் கதைப்பாடகர். "எட்டுப் பேர் விழுந்த பிறகும் தனியாக நிற்பவன். பெயர் ஹயாசே ஜின்னாய்."

குஹேய் எழுந்து வெளியே போனார்.

ஹயாசே ஜின்னாய் என்பது அவர்தான்.

அன்றைய விடியற்காலையில் நடந்தது அவருக்கு ஒவ்வொரு கணமும் நினைவிருந்தது. முதல் நாள் ஒன்பது பேரும் விரலைக் கீறிச் சத்தியத்தாளில் ரத்தம் வைத்தார்கள். பொழுது புலரும்போது அவர் மாளிகைக்குப் புறப்பட்டார். அவருடைய ஈட்டியையும் கவசப்பெட்டியையும் சுமந்துகொண்டு வேலைக்காரன் தாஸுகே முன்னால் போனான். ஆற்றங்கரையில் செருப்பு வார் அவிழ்ந்தது. "நீ போய்க்கொண்டிரு," என்று சொல்லிவிட்டு ஜின்னாய் உட்கார்ந்து வாரைக் கட்டினார். கட்டி முடித்தார். எழ முடியவில்லை.

பயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கால்கள் எழவில்லை, அவ்வளவுதான். உச்சிப்பொழுதில் மாளிகைப் பக்கம் புகை கிளம்பியது. அதைப் பார்த்ததும் கால்கள் எழுந்தன. எதிர்த்திசையில் நடந்தன.

ஒன்பது உடல்கள் கிடைத்ததாகப் பிறகு வழிப்போக்கர்கள் சொன்னார்கள். ஒன்பதாவது யாருடையது என்று அவர் தன்னைத்தானே ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒத்திகை தொடங்கியது. ஜின்னாய் பொம்மையின் தலையை இசோஜி எடுத்துக்கொண்டார். கால்களைக் குஹேயிடம் நீட்டினார்.

"வேறு யாரிடமாவது கொடுங்கள், ஆசானே."

"ஏன்?"

குஹேயிடம் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. குனிந்து, பொம்மையின் குதிகாலுக்குப் பின்னால் உள்ள இரும்புப் பிடிகளைப் பற்றினார்.

சாமுராய் பொம்மைக்கென்று ஒரு நடை உண்டு. காலை அகலமாக வீசி, முன்பாதத்தை நெஞ்சுயரம் தூக்கி, தரையை அறைந்து வைக்க வேண்டும். அந்த அறையும் சத்தத்தைக் கால் பிடிப்பவர் தன் பாதத்தால் எழுப்புவார். குஹேய்க்கு அது தூக்கத்திலும் வரும். ஆனால் இந்தப் பொம்மை அப்படி நடக்கவில்லை. தரையோடு தரையாகக் குதிகால் முதலில் ஊன்றியது. வலக்கால் ஒரு இமைப்பொழுது பிந்தி வந்தது, வலத்தோளில் எதையோ நெடுந்தூரம் சுமந்து வருகிறவனுடையதைப் போல.

"என்ன இது?" என்றான் ராக்குஸோ. "சுமைதூக்கி நடக்கிற மாதிரி இருக்கிறது."

குஹேய் மறுபடியும் நடத்தினார். கையை இறுக்கினார். அதே நடை. மூன்றாம் முறை கையைத் தளர்த்தினார். அப்போதும் அதே நடை.

அந்த நடைக்குப் பின்னால் பதினைந்து வருடம் அவர் நடந்திருக்கிறார்.

ஒத்திகை முடிந்ததும் இசோஜியிடம் போனார்.

"ஆசானே, கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை."

"யார் பேச்சைக் கேட்கின்றன?"

குஹேய் பொம்மையின் கால்களைப் பார்த்தார்.

"நாடகத்துக்கு அந்த நடை பொருந்துகிறது," என்றார் இசோஜி. "மாற்ற வேண்டாம்."

இலையுதிர்கால அறுவடைத் திருவிழாவுக்கு மினாசே நகரத்திலிருந்தே அழைப்பு வந்தது. பொம்மைப் பெட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆற்று மணலில் கோரைப்பாயால் கொட்டகை கட்டியிருந்தார்கள். குஹேய் கரையிலிருந்த ஒரு தட்டைக் கல்லைப் பார்த்தார். செருப்பு வாரைக் கட்ட உட்கார்ந்த அதே கல். கொட்டகையிலிருந்து முப்பதடிகூட இல்லை.

அந்த ஊரில் ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. மற்ற ஊர்களில் மக்கள் அரிசி உருண்டை தின்றுகொண்டு, அழுதுகொண்டு, அடுத்தவரோடு பேசிக்கொண்டு பார்ப்பார்கள். இங்கே யாரும் பேசவில்லை. ஒன்பது பொம்மைகளும் வரிசையாக வந்து பெயர் சொன்னபோது, மணலில் உட்கார்ந்திருந்த நானூறு பேரும் நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் மேடை விளிம்பில் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள். கல்லறைக்கு வந்தவர்களைப் போலத்தான் வந்துபோனார்கள்.

"எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை," என்றான் ராக்குஸோ. "பொம்மையைக் கும்பிட்டால் பொம்மைக்குப் பழகிவிடும்."

இரண்டாம் நாள் மதிய இடைவேளையில் கொட்டகையின் பின்பக்கம் ஒரு பெண் வந்தாள். வெளிர் சாம்பல் நிற உடை, துணைக்கு யாரும் இல்லை. ஹயாசே ஜின்னாயின் மனைவி சாயோ என்றும், தன் கணவரின் உருவத்துக்கு அஞ்சலி செய்ய வேண்டுமென்றும் சொன்னாள்.

பாய்த் தடுப்புக்கு இப்பால் குஹேய் அந்தக் குரலைக் கேட்டார். ஐந்து வருடத்தில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"உள்ளே வாருங்கள்," என்று அவளிடம் சொல்லிவிட்டு இசோஜி திரும்பினார். "கம்பத்தில் தொங்கும் பொம்மையை அவருக்குக் காட்டக் கூடாது. எழுப்புவோம்."

மூவரும் கருப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். இசோஜி தலையைத் தூக்கினார். ராக்குஸோ இடக்கையை எடுத்தான். குஹேய் குனிந்து கால்களைப் பற்றினார். பொம்மை நிமிர்ந்தது.

சாயோ எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பொம்மையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்கள் மூவரும் கருப்பு உடுத்தியிருக்கிறீர்கள்," என்றாள். "உங்கள் உடன்பாட்டின்படி இங்கே யாரும் இல்லை. அப்படித்தானே?"

யாரும் பேசவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். குனிந்து கும்பிட்டாள்.

"தாஸுகே," என்றாள்.

குஹேயின் முழங்கை இசோஜியின் இடுப்பில் பட்டுக்கொண்டிருந்தது. தலை பிடிப்பவரின் அசைவைக் கால் பிடிப்பவர் அந்தத் தொடுதலில்தான் அறிவார். இசோஜியின் உடல் சற்றும் அசையவில்லை.

"நேற்று ஆட்டம் பார்த்தேன். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் எங்கள் முற்றத்தில் அந்த நடை கேட்டிருக்கிறது.

"எரிந்துபோன உடல்களைக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னார்கள். கவசம் என் கணவருடையது. இடக்காலில் சுண்டுவிரல் இல்லை. மலைக்கணவாயில் நீ அவர் ஈட்டியைச் சுமந்து போனபோது பனியில் கருகி விழுந்த விரல். அந்தக் காலுக்கு நான்தான் மருந்து கட்டினேன். எனக்குத் தெரியாதா? அதிகாரி கேட்டார், இது யார் என்று. என் மகன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், பதினான்கு வயது. என் கணவர் என்று சொன்னேன்."

அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"என் மகன் இப்போது புதிய பிரபுவிடம் காவல்வீரன். மாவீரன் மகன் என்று எல்லோரும் வழிவிடுகிறார்கள். உன் பெயரை ஓடிப்போனவர்கள் பட்டியலில் எழுதினார்கள். காயாநோவில் உன் தாயை ஊர்க்கிணற்றில் நீர் எடுக்க விடுவதில்லை. ஆற்றுக்கு நடந்து போகிறாள். வருடா வருடம் என் வாசலுக்கு வந்து, என் பிள்ளை அகப்பட்டானா அம்மா என்று கேட்கிறாள். அகப்பட்டால் முதல் அடி நான்தான் அடிப்பேன் என்கிறாள். நான் தேநீர் கொடுத்து அனுப்புகிறேன்.

"சொல்லிவிடட்டுமா, தாஸுகே? சொன்னால் என் மகன் நாசமாவான். சொல்லு என்று நீ தலையசைத்தால் இன்றே சொல்கிறேன்."

தலை இசோஜியின் கையில் இருந்தது. அது அசையவில்லை. இடக்கை ராக்குஸோவிடம் இருந்தது. அதுவும் அசையவில்லை.

கால்கள் மடிந்தன.

தான் மடக்கியதாகக் குஹேய்க்கு நினைவில்லை. இரும்புப் பிடிகள் அவர் விரல்களுக்குள் இறங்கின, அவ்வளவுதான் தெரிந்தது. கால் மடிந்தபின் உடல் நின்றால் பொம்மை முறிந்துபோகும். இசோஜியும் ராக்குஸோவும் அதன் பின்னாலேயே தாழ்ந்தார்கள். பொம்மை மண்டியிட்டது. இன்னும் தாழ்ந்தது. வீட்டு எஜமானியின் முன்னால் வேலைக்காரன் வணங்குவதைப் போல, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, அவற்றுக்கு நடுவே நெற்றியை வைத்தது.

சாயோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்ல வேண்டாம் என்கிறாயா?" என்றாள். "இன்னமும் எங்களுக்காகவா?"

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாரம் இறங்கியவளைப் போல எழுந்து, மூன்று கருப்பு உருவங்களில் யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

"உட்காரச் சொன்னது யார்?" என்றான் ராக்குஸோ. பொம்மையின் கையைக் கீழே வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

குஹேய் முகத்துணியைக் கழற்றினார். வியர்வை கழுத்தில் வழிந்தது. தன் பெயரைச் சொன்னார். ஆற்றங்கரைக் கல்லைப் பற்றிச் சொன்னார். எதையும் விடவில்லை. இசோஜி குறுக்கிடாமல் கேட்டார்.

"மண்டியிட்டது நானா, அவனா, ஆசானே?"

"எனக்குத் தலைதான் தெரியும். அசைவு கீழிருந்து வந்தது."

"நான் செய்யவில்லை."

"அப்படியானால் அதற்கு யார் பொறுப்பு?"

குஹேய் தரையைப் பார்த்தார்.

"அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்," என்றார். "என் ஈட்டியைச் சுமந்தான். என் சாவைச் சுமந்தான். இப்போது என் மனைவியின் பொய்யையும் சுமக்கிறான். நான் வாயைத் திறந்தால் என் மகன் அழிவான். திறக்காவிட்டால் அந்தக் கிழவி ஆற்றுக்கு நடந்தே சாவாள். விசுவாசம் என்பது இதில் எது? நீங்கள் சொல்லுங்கள். எதுவானாலும் செய்கிறேன்."

இசோஜி எழுந்தார். உயரமான மரச்செருப்பைக் கழற்றினார். தலை பிடிப்பவர் மட்டும் அணியும் செருப்பு அது. குஹேயின் காலடியில் அதை வைத்தார்.

"ஏறுங்கள்."

"ஆசானே, எனக்கு இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது."

"ஏறுங்கள்."

குஹேய் ஏறினார். இசோஜி பொம்மையை எடுத்து அதன் தலைப்பிடியை அவர் இடக்கையில் கொடுத்தார். பிறகு தன் முகத்தைக் கருப்புத் துணியால் மூடிக்கொண்டு, குனிந்து, கால்களைப் பற்றினார். அவர் முழங்கை குஹேயின் இடுப்பில் பட்டது.

பொம்மை இத்தனை கனமாக இருக்கும் என்று குஹேய் நினைத்திருக்கவில்லை. தோள் இற்றுவிடும்போல் இருந்தது. அதன் கண்கள் அவருக்கு முன்னால் வெளியே பார்த்தன. அவர் காத்திருந்தார். இடுப்பில் பட்ட முழங்கையும் காத்திருந்தது.

"எந்தப் பக்கம் போக, ஆசானே?"

கீழேயிருந்து பதில் இல்லை.

"எந்தப் பக்கம்?"

"என்னால் சொல்ல முடியாது," என்றது துணிக்குள்ளிருந்து இசோஜியின் குரல். "நான் கால்."

குஹேய் நின்றார். கை மரத்துப்போகும் வரை நின்றார். வெளியே இடைவேளை முடிந்து மக்கள் மணலில் வந்து உட்காரும் அரவம் கேட்டது.

"நாளைக்குக் கால் பிடிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார் கடைசியில்.

"சரி," என்றார் இசோஜி.

மறுநாள் காலை குஹேய் முகத்தை மூடாமல் நகரத்தின் வழியே நடந்தார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. செத்தவரை யார் தேடுவார்கள்?

காயாநோ கிராமம் மலையடிவாரத்தில் இருந்தது. தாஸுகேயின் தாய் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் கோரைப்பாய் முடைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எழுபது இருக்கும். வந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாய் வேண்டுமா?"

"இல்லை. உங்கள் மகனைப் பற்றிச் சொல்ல வந்தேன்."

அவள் கை நின்றது. "அகப்பட்டானா?"

"அவன் ஓடவில்லை. என் கவசத்தைப் போட்டுக்கொண்டு என் இடத்தில் நின்று செத்தான். ஒன்பதாவது உடல் அவனுடையது. ஓடியவன் நான். ஹயாசே ஜின்னாய்."

கிழவி பாயைத் தள்ளி வைத்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"நீங்கள் சொல்லித்தான் அவன் நின்றானா?"

"இல்லை. போய்க்கொண்டிரு என்று மட்டும் சொன்னேன். நான் வரவில்லை."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள். "சின்ன வயதிலிருந்தே அப்படி. கையில் எடுத்ததைக் கீழே வைக்கத் தெரியாத பிள்ளை."

அவள் எழுந்தாள். சுவரில் சாய்த்திருந்த பாய் தட்டும் கோலை எடுத்தாள். ஜின்னாய் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார். கிழவி கோலை ஓங்கினாள். அப்படியே நின்றாள். கோலைக் கீழே போட்டாள்.

"ஐந்து வருடமாக அவனை அடிக்க வைத்திருந்தது இது," என்றாள். "உங்களை அடித்து எனக்கு என்ன? எழுந்திருங்கள். கிணற்றடிக்கு வாருங்கள். என்னிடம் சொன்னதை அங்கே சொல்லுங்கள்."

அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குதிகால் முதலில் ஊன்றியது. வலக்கால் கொஞ்சம் பிந்தி வந்தது. ஜின்னாய் பின்னால் போனார்.

கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர் சொன்னார். முதலில் நம்பவில்லை. பைத்தியம் என்றார்கள். எழ மறுத்த கால்களையும் கல்லையும் புகையையும் பற்றிச் சொன்ன பிறகு நம்பினார்கள். ஊர்த்தலைவன் கிழவிக்கு வழிவிட்டு விலகி நின்றான். கிழவி வாளியைக் கிணற்றில் இறக்கி நீர் இறைத்தாள். முதல் வாளியைத் தரையில் கொட்டினாள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செய்தி மாலைக்குள் நகரத்துக்குப் போய்விட்டது. மறுநாள் ஜின்னாயை அதிகாரியின் முன் நிறுத்தினார்கள்.

"நான் ஹயாசே ஜின்னாய். எனக்குரிய தண்டனையைக் கொடுங்கள். வயிற்றைக் கிழித்துக்கொள்ள அனுமதித்தால் போதும்."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். அவருக்கும் வியர்த்திருந்தது. அந்தக் கல்லைத் திறந்து வைத்தவர் அவருடைய பிரபு.

"ஹயாசே ஜின்னாய் ஐந்து வருடத்துக்கு முன் இறந்துவிட்டார்," என்றார். "இறந்தவருக்குத் தண்டனை கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. நீ யாரென்று எனக்குத் தெரியாது. போய்விடு."

பதிவேடு மாறவில்லை. கல்லிலும் பெயர் மாறவில்லை. ஆனால் அந்த வாரமே நாடகத்தை நிறுத்தச் சொன்னார்கள். மகனைச் சத்தமில்லாமல் வேலையிலிருந்து விலக்கினார்கள்.

மகன் ஊரைவிட்டுப் போகும் வழியில் பாலத்தின் மேல் தகப்பனைப் பார்த்தான். பத்தொன்பது வயதில் அவருடைய உயரத்தை எட்டியிருந்தான். வாள் இல்லாத இடுப்பு வெறுமையாக இருந்தது.

"நீங்கள் செத்தே இருந்திருக்கலாம்," என்றான்.

"ஆமாம்."

அவன் பாலத்தைக் கடந்து போனான்.

சாயோ வீட்டைப் பூட்டிவிட்டுக் காயாநோவுக்குப் போனாள். மூன்று நாள் கிழவியின் வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கிழவி அவளைச் சுற்றிக்கொண்டு போய் வந்தாள். நான்காம் நாள் வாளியை அவள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயோ அதை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

ஜின்னாய் அவளைக் கிணற்றுப் பாதையில் ஒருமுறை பார்த்தார். அவள் நிற்கவில்லை. கடந்துபோகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்று வணங்கியது அவனா?"

"தெரியவில்லை."

அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

பனிக்காலத் தொடக்கத்தில், கடலோரத்து வேறொரு ஊரில், அவர் இசோஜியின் குழுவைத் தேடிப் பிடித்தார். கருப்பு அங்கி அவருடைய கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. ராக்குஸோ மட்டும், "குளிரில் கால் விறைத்துப்போயிருக்கும், நெருப்புக்குப் பக்கத்தில் வாருங்கள்," என்றான்.

அங்கே ஒன்பது பேரின் நாடகம் நடந்துகொண்டுதான் இருந்தது. மினாசேயின் தடை மினாசேயோடு நின்றது. அச்சாகிப்போன ஏட்டில் பெயரை மாற்ற முடியாது என்றார் கதைப்பாடகர். "ஜின்னாய் என்று பாடினால்தான் அழுகிறார்கள்."

குஹேய் மறுபடியும் அந்தக் கால்களைப் பற்றினார். அன்று பகல் ஆட்டத்தில் பொம்மை காலை அகலமாக வீசி, முன்பாதத்தைத் தூக்கி, தரையை அறைந்து நடந்தது. அவர் நடத்தியபடி நடந்தது. தளர்த்தினால் தொங்கியது. எட்டுப் பேர் விழுந்த பிறகு தனியாக நின்று, பெயரைச் சொல்லி, ஒன்பதாவதாக விழுந்தது. மக்கள் அழுதார்கள். திரை மூடியது.

மேடையில் பொம்மைகள் விழுந்தது விழுந்தபடி கிடந்தன. குஹேய் முகத்துணியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"கால்களில் யாரும் இல்லை, ஆசானே. மரம் மட்டும்தான் இருக்கிறது."

"நானும் கவனித்தேன்," என்றார் இசோஜி. "இன்று தலை கனத்தது."

"அவன் போய்விட்டான். அவன் தாய் ஊர்க்கிணற்றில் நீர் இறைக்கிறாள். என் மகன் எங்கே என்று தெரியவில்லை. பிரபுவுக்கு நான் செய்ய வேண்டியதை அவன் செய்துவிட்டான். அவனுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்தேனா என்று சொல்ல ஆளில்லை. சாகவும் என்னை விடவில்லை. இனி நான் என்ன செய்ய?"

இசோஜி மேடையின் நடுவே கிடந்த ஒன்பதாவது பொம்மையைப் பார்த்தார். அதன் ஒரு கை முதுகுக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அதைச் சாகவைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது," என்றார். "எடுத்துக்கொண்டு போக ஒருவர் போதும். எடுங்கள்."